செலினின் மாத்திரையும் புது நன்மையும்

மார்ச் 28, வியாழன்

மேற்குக் காற்று. மணலிப் பக்கமிருந்து அழுகின முட்டை வாடை. வேலைக்கு லீவு. பேத்தி செலினைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன், குழந்தைகள் மனநலப் பிரிவு.

நீள வரிசை. சுவரெல்லாம் வெற்றிலைச் சாறு. எவனோ துப்பின இடத்தில் கையை ஊன்றிவிட்டேன். சீ.

டாக்டர் சின்ன வயசுப் பெண். கேள்வி மேல் கேள்வி.

"குழந்தையோட அம்மா?"

"என் பொண்ணும்மா. செத்துப் போச்சு."

"அப்பா?"

"கப்பல்ல போனாரு. போனவருதான்."

"யார் வளக்கறீங்க?"

"நானும் என் தங்கச்சி லூர்தும். ஹார்பர்ல நான் சரக்குத் தூக்குற வின்ச் ஓட்றேன். வூட்ல அவ என்னை ஓட்றா."

டாக்டர் சிரிக்கவில்லை. செலின் சிரித்தாள். அதற்குள் அவள் செய்த வேலைகள்:

எடை மிஷினில் ஏறி, இறங்கி, மறுபடி ஏறி, அதன் முள்ளைப் பிடித்து நிறுத்தப் பார்த்தது.
மேசைக்கு அடியில் புகுந்து டாக்டரின் செருப்பைப் போட்டுக்கொண்டது.
"உன் ஊசி எங்கே?" என்று அவரையே கேட்டது.

டாக்டர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே இருந்தார். பிறகு வியாதியின் பேரைச் சொன்னார். ஹைப்பர்கைனடிக். வெளிநாட்டுச் சரக்குக் கப்பலுக்கு வைக்கிற பேர் மாதிரி இருந்தது, எழுதிக் கொடுக்கச் சொல்லி வாங்கிக்கொண்டேன். பைத்தியம் இல்லையாம், பேய் இல்லையாம், வளர்ப்பும் காரணம் இல்லையாம். ஒரு இடத்தில் நிற்கவும், ஒன்றையே கவனிக்கவும் மூளை விடமாட்டேன் என்கிறதாம். மாத்திரை உண்டு. தினமும் காலையில் ஒன்று.

"வின்ச்சுல இஞ்சின் ஏ ஒன், பிரேக்கு மட்டும் லேட்டா புடிக்குது. அதானேம்மா?" என்றேன்.

இப்போதுதான் சிரித்தார்.

சாப்பாடு, தூக்கம், ஓட்டம் மூன்றையும் தினம் எழுதி வரச் சொன்னார். அது தனித் தாளில். இது கப்பல் ஏஜெண்டு புது வருஷத்துக்குக் கொடுத்த டைரி, சும்மா கிடந்தது. இது எனக்கு. நாலாங்கிளாஸ் கையெழுத்து, எவன் படிக்கப் போகிறான்.

வீட்டு வாசலில் பக்கத்து வீட்டு அம்மாள்: "இன்னா நைனா, கீப்பாக்கம் கேஸா?"

"ஆமாம்மா. உனுக்கும் ஒரு கட்டில் சொல்லி வச்சிகீறேன்" என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். உள்ளே வந்ததும் கதவைத் தாழ் போட்டுக்கொண்டேன்.

மார்ச் 29, வெள்ளி

கந்தகக் கப்பல். நாள் முழுக்க மஞ்சள் தூசி. கண் எரிச்சல், எச்சில் கூட மஞ்சள்.

முதல் மாத்திரை. என் சட்டையில் துப்பினாள். இரண்டாவது தடவை லூர்துவின் காபியில். மூன்றாவது தடவை உள்ளே போயிற்று, போன வேகத்தில் காலைக் கஞ்சியோடு திரும்பி வந்தது. துடைத்தது நான். கந்தகமே தேவலை.

எதிர்ச்சாரியில் ஆளுக்கொரு வைத்தியம். வண்ணாரப்பேட்டையில் போய்க் கழுதைப் பால் வாங்கிக் கொடு. தலைமயிரை எரித்துப் புகை காட்டு. உள்ளங்காலில் சூடு வை. சூடு வை என்றவனிடம், "உன் வாய்ல வச்சுப் பாத்துட்டு வந்து சொல்லு" என்றேன். மூஞ்சியைத் திருப்பிக்கொண்டான்.

போன வாரம் பள்ளிக்கூடத்தில் டீச்சர் இவள் பின்னல் ரிப்பனையே அவிழ்த்து இவளை பெஞ்சோடு கட்டிப் போட்டாள். சாயங்காலம் கூப்பிடப் போனபோது கட்டோடு பெஞ்சையும் இழுத்துக்கொண்டு கதவு வரை வந்திருந்தாள். "பாரு கெய்வா, வண்டி!" என்று எனக்குக் காட்டினாள். கெய்வன் நான்தான், கிழவன். அவளுக்கு அது விளையாட்டு. எனக்கு அன்று இரவு சோறு இறங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனதே அதனால்தான்.

மார்ச் 31, ஞாயிறு

பூசை முடிந்து மடத்து சிஸ்டர் கூப்பிட்டார். புது நன்மைக்கு, முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்குவதற்கு, பிள்ளைகளைத் தயார் செய்கிறவர் இவர்தான்.

"அடுத்த மாசக் கடைசி ஞாயிறு. செலின் ஒரு முழு வழிபாட்டுக்கு அசையாம உக்காந்து காட்டட்டும். பெரிய வெள்ளி அன்னிக்குப் பாக்கறேன். இல்லன்னா போன வருஷம் மாதிரிதான்."

போன வருஷம்: ஒத்திகையில் மந்திரிக்காத அப்பத்தைக் கொடுத்துப் பழக்கினார்கள். பல் படாமல் நாக்கிலேயே கரைய விடவேண்டும். இவள் அப்பளம் மாதிரி நொறுக்கிவிட்டு, "இன்னொண்ணு குடு" என்று சாமியாரின் அங்கியைப் பிடித்து இழுத்தாள். பிறகு பீடத்தைச் சுற்றி ஓட்டம். வெளியே நிறுத்திவிட்டார்கள். மற்றப் பிள்ளைகள் வெள்ளைக் கவுனும் பூமுடியுமாக உள்ளே போக, இவள் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஓடவே இல்லை. அன்று மட்டும் அசையாமல் நின்றாள், அதை ஒரு நாயும் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து ஒரே கேள்வி: "எனுக்கு எப்போ?"

இன்று யோசனை வந்தது. அவளை மண்டி போடச் சொன்னேன். கையைக் கூப்பச் சொன்னேன். மாத்திரையைத் தூக்கிப் பிடித்து, "இஞ்சினுக்கு எண்ணெய்" என்றேன். "ஆமென்" என்று நாக்கை நீட்டினாள். வைத்தேன். கடிக்கவில்லை, துப்பவில்லை. முகம் மட்டும் கோணிக்கொண்டது.

"கசக்குது கெய்வா!"

"தண்ணி வேணாமாடி?"

"குடு குடு குடு!"

இறங்கியது. லூர்து பார்த்துவிட்டாள். ஆப்பக்கரண்டியோடு ஓடி வந்தாள்.

"அண்ணா! இன்னா காரியம் பண்றே? நற்கருணைய வச்சா வெளாட்டு? எரியப் போற!"

"எரிஞ்சா கந்தகம் கூட கீது, நல்லா புடிக்கும்" என்றேன்.

சாயங்காலம் வரை அவள் என்னோடு பேசவில்லை. நிம்மதி.

ஏப்ரல் 2, செவ்வாய்

காதர் வந்தான். மணலியில் டாங்கர் லாரி ஓட்டுகிறவன், இருபது வருஷ தோஸ்து. ஜன்னலில் இருந்த மாத்திரைச் சீசாவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"இன்னா மாமு, நீ எப்போ லாரி லைனுக்கு வந்தே?"

"இன்னாடா சொல்றே?"

"இது தூங்காத மாத்திரைடா. ஒண்ணு போட்டா நெல்லூர் வரைக்கும் கண்ணு மூடாது. எங்க ஆளுங்க ஒளிச்சு வச்சிக்கினு துன்றாங்கோ. கொயந்தைக்கா குடுக்குறே?"

சீசாவை அவன் கையிலிருந்து பிடுங்கினேன். தூங்காத பிள்ளைக்குத் தூங்காத மாத்திரை. ஏழையின் பேத்தி என்றால் எதையாவது கொடுத்துப் பார்ப்பார்களா? மருந்து கொடுக்கிறவன் சீசா மாற்றிவிட்டானா? ஒன்றும் புரியவில்லை. நிறுத்திவிட்டேன்.

"கெய்வா, எண்ணெய்?" என்று மண்டி போட்டு நாக்கை நீட்டினாள். சர்க்கரை வைத்தேன்.

"இது எண்ணெய் இல்லியே."

ஏமாற்ற முடியவில்லை.

ஏப்ரல் 4, வியாழன்

மறுபடி ஆஸ்பத்திரி. மறுபடி வெற்றிலைச் சுவர். கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன்.

டாக்டரிடம் சீசாவை மேசையில் வைத்துக் கேட்டேன். லாரிக்காரர் சொன்னது சரிதான் என்றார். பெரியவர்களைத் தூங்கவிடாத மருந்து, இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு நிதானம் கொடுக்குமாம்.

"அது எப்படிம்மா?"

"முழுசா எங்களுக்கே தெரியாது. ஆனா கேக்குது. நீங்களா நிறுத்தாதீங்க. சந்தேகம்னா இங்க வந்து சண்டை போடுங்க."

தெரியாது என்று சொன்ன டாக்டரை இன்றுதான் பார்க்கிறேன். நம்பிக்கை வந்தது.

நாளையிலிருந்து மறுபடி எண்ணெய்.

ஏப்ரல் 8, திங்கள்

வேலை செய்கிறது. பொய் சொல்லக்கூடாது. ஸ்லேட்டில் ஒரு பக்கம் முழுக்க எழுதினாள். எனக்குப் பெருமை. லூர்துவுக்குக் கூட.

சோறுதான் இறங்கவில்லை. வஞ்சிரத் துண்டை வைத்தும் தட்டைத் தள்ளிவிட்டாள். டாக்டர் தாளில் எழுதினேன்.

கந்தகக் கப்பல் போயிற்று. அடுத்தது எருக் கப்பல். ஒரு நாற்றம் போனால் ஒரு நாற்றம்.

ஏப்ரல் 12, பெரிய வெள்ளி

அனல். கோயிலில் கூட்டம், வேர்வை, மெழுகு. மூன்று மணி வழிபாடு.

செலின் அசையவில்லை. கர்த்தரின் பாடுகளை வாசித்து முடியும் வரை, சிலுவையை முத்தமிடும் வரை, கடைசி வரை. பெண்கள் லூர்துவைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"உங்க வூட்டுப் பொண்ணா இது? மாதா சுரூபம் மாதிரி குந்திகினு கீது!"

"எல்லாம் ஜெபந்தான்" என்றாள் லூர்து. மாத்திரை என்று சொல்ல வாய் வரவில்லை.

சிஸ்டர் வந்து செலினின் தலையைத் தொட்டார். "இந்த வருஷம் நிச்சயம்" என்றார்.

நான் பார்த்தது வேறு. ஒரு ஈ அவள் கன்னத்தில் உட்கார்ந்தது. கண்ணுக்குக் கீழே நடந்தது. மூக்குப் பக்கம் வந்தது. அவள் விரட்டவில்லை. ஈயைக் கையால் பிடித்து என் சட்டைக்குள் விடுகிற பிள்ளை.

வரும் வழியில் சீண்டிப் பார்த்தேன். "இன்னாடி இஞ்சின், நாக்க பூனை துன்னுடுச்சா?"

"இல்ல தாத்தா."

"கஞ்சி குடிக்கிறியா?"

"சரி தாத்தா."

தாத்தா! பேசக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து நான் அவளுக்குக் கெய்வன். சரி என்ற வார்த்தை அவள் வாயில் வந்ததே இல்லை. கேட்டதும் உடம்பு கூசிற்று, செத்த எலியை மிதித்த மாதிரி.

கோயில் வாசலில் எல்லோரும் புகழ்ந்தபோது நானும் பல்லைக் காட்டினேன். தூ.

ஏப்ரல் 15, திங்கள்

நேற்றுப் பாஸ்கு, உயிர்த்த ஞாயிறு. கறி, பிரியாணி. செலின் மோந்து பார்த்ததோடு சரி. இரவெல்லாம் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

சீசாவைப் பார்த்தேன். இருக்க வேண்டிய அளவு இல்லை. லூர்துவைக் கேட்டேன். முதலில் முறைத்தாள், பிறகு முந்தானையைத் திருகினாள்.

"பெரிய வெள்ளிக்கு இன்னொண்ணு சேத்துக் குடுத்தேன். அப்பால நேத்து மத்தியானமும். எல்லாரும் பாப்பாங்களே அண்ணா. ரெண்டா குடுத்தா இன்னா, நல்லாத்தானே குந்திகினு இருந்துச்சு?"

நற்கருணையை வைத்து விளையாடினால் எரிந்து போவேன் என்றவள் இவள். நான் சத்தம் போடுகிற ஆள் இல்லை. இன்று தெரு கேட்கச் சத்தம் போட்டேன்.

"ஒனக்கு சுரூபந்தான் வேணும்னா கடையில மெழுகுல வாங்கி வச்சிக்க. இது உசுரு உள்ள பொண்ணு."

லூர்து அழுதாள். "ஊர் வாய எத்தினி வருசம் நான் கேக்கறது அண்ணா? நீ கப்பலுக்குப் பூட்றே. நான்தானே தெருவுல கீறேன்."

சீசாவை என் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

சாயங்காலம் காதர். பாஸ்கு கறிக்கு என்று வந்தான், தின்றான், பிறகு காதைக் கடித்தான். "ரெண்டே ரெண்டு மாத்திரை குடு மாமு. புது டிரைவர், விஜயவாடா லைன், பாவம்."

"எந்திரிடா."

"இன்னா மாமு, வெளாட்டுக்கு…"

"நான் வெளாடாத நாள் இன்னிக்கு. எந்திரி."

போய்விட்டான். ஒரு பிள்ளையின் மருந்து. அது ஊர் மெச்ச ஒருத்திக்கு வேண்டும், லாரி ஓட்ட ஒருத்தனுக்கு வேண்டும். கையைச் சோப்பு போட்டுக் கழுவினேன், ஏன் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 18, வியாழன்

டாக்டர். தாளைக் காட்டினேன். இரட்டையாகக் கொடுத்ததையும் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். செலினின் நாடியைப் பிடித்து, எடை பார்த்து, பிறகு மெதுவாக, "ஒரு மாத்திரையே இவளுக்கு அதிகம்" என்றார். இனி அரை. வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு. ஞாயிற்றுக்கிழமை கிடையாது, உடம்புக்கு லீவு. மாத்திரை ஓட்டத்தைத்தான் நிறுத்த வேண்டும், பிள்ளையை இல்லை என்றார்.

செலின் அவரிடம்: "நீ நல்ல டாக்டரு. ஊசி எங்க?"

பாதி செலின் திரும்பி வந்துவிட்டாள்.

ஏப்ரல் 23, செவ்வாய்

அரை மாத்திரை, ஐந்தாம் நாள். இரண்டு இட்லி, ஒரு காரப்பொடி மீன். ஸ்லேட்டு எழுதினாள். நடுவில் எழுந்து ஒரு சுற்று ஓடிவிட்டு, தானே வந்து உட்கார்ந்து மிச்சத்தையும் எழுதினாள்.

காலையில் நாக்கை நீட்டி, விழுங்கி, முகத்தைக் கோணி: "கசக்குது கெய்வா!"

நடுவில் இத்தனை நாள் இந்த வார்த்தை இல்லாமல் இருந்தது. "தண்ணி வேணாமாடி?" என்றேன். ஒரு சொம்பு நிறைய மொண்டு நீட்டினேன்.

ஏப்ரல் 25, வியாழன்

புதுப் பேஜார். புது நன்மை ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு மாத்திரை இல்லை. மாத்திரை இல்லாத செலின் பீடத்தடியில்! சிஸ்டர் மயக்கம் போடுவார்.

அடுத்த பேஜார் லூர்து. மாத்திரைக்குச் சாப்பாடு வேண்டும். லூர்து சொல்கிறாள், எங்கள் அம்மா காலத்தில் நடுராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருந்துதான் நன்மை வாங்கினார்களாம். சாமியாரைக் கேட்டேன். இப்போது ஒரு மணி நேரம் முன்னால் நிறுத்தினால் போதும் என்றார். லூர்து நம்பவில்லை. "அவரு சின்னப் பையன்" என்கிறாள்.

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டரைத் தாழ்வாரத்தில் பிடித்தேன்.

"ஹார்பர்ல ஷிப்ட் மாத்திக்கிற மாதிரி, சனிக்கெழமை லீவு, ஞாயித்துக்கெழமை டூட்டி. ஒரு வாரம் மட்டும். முடியுமாம்மா?"

"முடியும். அரைதான்."

வந்து செலினைக் கேட்டேன். அவள் வாய், அவள் வயிறு, அவளைத்தான் கேட்கவேண்டும்.

"குடு. ஓடிட்டா சிஸ்டரு குடுக்க மாட்டாங்கோ. ஆனா பாதி. முழுசு போட்டா உள்ள வேற யாரோ குந்திகினு கீறா மாதிரி கீது."

ஏப்ரல் 27, சனி

லீவு நாள். ஐயோ.

கூரை மேல் ஏறினாள். பக்கத்து வீட்டுக் கோழியைக் குளிப்பாட்டினாள். லூர்து இரவல் வாங்கி இஸ்திரி போட்டு வைத்திருந்த வெள்ளை முக்காட்டைக் கட்டிக்கொண்டு கல்யாணப் பெண்ணாக ஓடினாள், வாசலில் காய்ந்த கருவாட்டுக் கூடையில் முக்காடோடு விழுந்தாள்.

லூர்து தலையில் அடித்துக்கொண்டாள். சோப்பு, எலுமிச்சம்பழம், மறுபடி சோப்பு. வாடை போகவில்லை. உவ்வே. துறைமுகத்தில் எல்லா நாற்றமும் தின்றவன் நான், எனக்கே புரட்டியது.

"கர்த்தரு கூட மீன் புடிக்கிறவங்களத்தான் சேத்துக்கினாரு" என்றேன். லூர்து சிரித்துவிட்டாள். பெரிய வெள்ளிக்குப் பிறகு முதல் தடவை.

ஏப்ரல் 28, ஞாயிறு

விடியலில் கொஞ்சம் கடல் காற்று. ஏழு மணிப் பூசை.

இருட்டோடு எழுந்து அடுப்பு மூட்டி நானே கஞ்சி வைத்தேன். லூர்து எழுந்து வந்து நின்று பார்த்தாள். அவளே ஒரு கரண்டி சேர்த்து ஊற்றினாள். டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அரை மாத்திரை, ஆமென், கசப்பு, தண்ணீர்.

கோயில். வெள்ளைக் கவுன்கள் இரண்டு வரிசை. செலின் பக்கத்துப் பெண் மூக்கைப் பிடித்துக்கொண்டது, கருவாடு. அதன் அம்மா என்னைத் திரும்பி முறைத்தாள். நான் கண்ணடித்தேன். வெள்ளையடித்த மூஞ்சிகள், உள்ளே என்ன நாற்றமோ.

செலின் உட்கார்ந்திருந்தாள். சுரூபம் மாதிரி இல்லை. கால் ஆடியது. ஒரு ஈ வந்தது, படாரென்று அடித்தாள். பிரசங்கத்தில் கொட்டாவி விட்டாள். ஆனால் எழுந்திருக்கவில்லை. சிஸ்டர் ஜெபமாலையை உருட்டிக்கொண்டே அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். லூர்து என் முழங்கையைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள், இப்போதும் சிவந்திருக்கிறது.

மணி அடித்தது. பிள்ளைகள் பீடத்துக்கு முன்னால் இருக்கும் கிராதிக்கு வந்து மண்டி போட்டார்கள். சாமியார் ஒவ்வொரு பிள்ளையாக வந்தார். செலின் கையைக் கூப்பினாள். ஆமென் என்றாள். நாக்கை நீட்டினாள். வாயை மூடினாள். கடிக்கவில்லை. துப்பவில்லை. இழுக்கவில்லை. கோயிலே மூச்சை விட்டது.

அப்புறம் முகத்தைக் கோணுவதற்குத் தயாராகி, கோணாமல், கண்ணை அகல விரித்தாள். மண்டி போட்டபடியே எங்கள் பக்கம் திரும்பி, என்னைத் தேடிக் கண்டுபிடித்து, கோயில் முழுக்கக் கேட்க:

"இது கசக்கவே இல்ல கெய்வா!"

சாமியார் கை அப்படியே நின்றது. சிஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். லூர்து முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

நானாவது சும்மா இருந்திருக்கலாம். வாய் கேட்டால்தானே.

"தண்ணி வேணாமாடி?"